நாலரை மில்லிமீட்டர்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்துவிட்டது.
எனக்கு முன்னால் ஒரு மீன்பாடி வண்டி,
ஐஸ் உருகிப் பின்பலகை சொட்டுகிறது.
கேட் விழுந்தால் இந்தப் பக்கம்
எல்லாரும் செய்வதையே நானும் செய்கிறேன்:
போனை எடுக்கிறேன்.

அது காத்துக்கொண்டிருந்தது.
புதுக் கருவிழி.
துப்பாக்கியின் பின்பார்வையில் திருகிப் பொருத்துவது,
ஆறு நிறக் கண்ணாடி,
இருபத்து மூவாயிரத்துச் சொச்சம்.
சலுகை முடிய இன்னும் பதினோரு நிமிடம்
என்று சிவப்பில் ஓடுகிறது கடிகாரம்.

போன மாதம் இப்படித்தான் கைப்பிடி.
வாதுமை மரம், கட்டைவிரலுக்குத் தனி மேடை.
அதற்கு முன் ஷூ. அடி தட்டை,
போட்டு நடந்தால் வாத்து போகிறது என்பார்கள்.
அதற்கு முன் கான்வாஸ் ஜாக்கெட்,
ரிஸ்வான் போட்டுக் கழித்தது.
அவனுக்குப் புதுசு வந்த அன்றே
என் தோளுக்கு வந்துவிட்டது,
அவன் வியர்வை வாசனையோடும்
அவனுடைய ஒன்பது புள்ளி மூன்றுகளோடும்.

நல்ல பையன். மண்ணடியில் பேரிங் கடை.
"துப்பாக்கி சரியில்லன்னா ஆளு இன்னா பண்ணுவான், பிலோமி?"
மூன்று துப்பாக்கிக் காலமாக
இதையே சொல்லிவருகிறான்.

கூட்ஸ் வந்தது. அவசரமே இல்லாத கூட்ஸ்.
நிலக்கரி. நிலக்கரி. நிலக்கரி.

மணலியில் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள் நான்.
லாரி ஏறும், மொத்த எடை.
கொட்டிவிட்டு வரும், வெற்று எடை.
கழித்தால் சரக்கு.
தண்ணீர் டிரம்மை நிரப்பி வருவார்கள்,
இருக்கைக்கு அடியில் கிளீனர் படுத்திருப்பான்.
எட்டு வருஷத்தில் எல்லாக் கள்ளமும் பிடித்தாயிற்று.
வாரம் இரண்டு நாள்
ஜாக்கெட் ஷூ கைப்பிடி சகிதம் நானே ஏறி நிற்கிறேன்,
கழித்துப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.

பத்து மீட்டர்.
அந்தக் கோடியில் மையப்புள்ளி பாதிக் கசகசா.
இங்கிருந்து அது தெரியவே தெரியாது.
கறுப்பு வட்டத்தை வளையத்துக்குள் உட்காரவைத்து
நம்பித்தான் சுட வேண்டும்.
நாலரை மில்லிமீட்டர் ஈயம்
என் பேச்சைக் கேட்பதில்லை,
நாடியின் பேச்சைக் கேட்கிறது.
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே
ஒரு சந்து இருக்கிறது,
பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து மாதிரி,
ஒருக்களித்தால் ஒரு ஆள் போகலாம்.
நான் அதற்குள் போன நாட்கள் நான்கோ ஐந்தோ.
அதில் ஒரு நாள்
வாடகைத் துப்பாக்கி, காலில் ரப்பர் செருப்பு.

ரிஸ்வானிடம் இதைச் சொல்லவில்லை.

ஆறு நிமிடம்.
கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது.
ஆச்சரியம், ஆடவே இல்லை.
போட்டியில் ஒருநாளாவது
இப்படி நின்றிருக்கக் கூடாதா இந்தக் கை.
மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துகிறேன்.
பழக்கம்.

கடைசிப் பெட்டி. வாசலில் நின்று
கார்டு வாழைப்பழம் உரிக்கிறார்.
கேட் எழும்புகிறது.
"யம்மா, வண்டிய எடு, போன அப்பால பாத்துக்க!"

எடுத்தேன்.
வென்றேன் என்று எழுத ஆசைதான்.
வென்றது ஹாரன்.

தண்டையார்பேட்டை, பெயிண்ட் கிடங்கின் மாடி.
அறுபது ஈயம். அதே பழைய கருவிழி,
அதே சாம்பல் ஓட்டை.
இருபத்தேழாவதில் சந்து திறந்தது: பத்து புள்ளி ஏழு.
இருபத்தெட்டாவதில் அதையே நினைத்தேன்:
எட்டு புள்ளி ஒன்பது.

ரிஸ்வான் புதுசை மாட்டியிருந்தான்.
"பச்சைல பாரேன், இன்னா தெளிவு!"
பார்த்தேன். உண்மை, தெளிவாகத்தான் இருந்தது.
பச்சையாகவும் இருந்தது.

ராத்திரி போனைத் திறந்தால்
சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.
இன்னும் பதினோரு நிமிடம்.

வாங்கவில்லை. நீக்கவும் இல்லை.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மணிக்கட்டைப் பிடித்தபடி
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.